"சும்மா ஒரு கையெழுத்து" என்றால் முடியாது என்பது எப்படி: வடசென்னைத் தொழிலாளிக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மணலியில் ஒரு ஆலை, திருவொற்றியூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டு, தண்டையார்பேட்டையில் ஒரு தனியார் மருத்துவமனை. எங்கே வேலை செய்தாலும் ஒருநாள் மேலே இருப்பவர் ஒரு தாளை நீட்டி, "சும்மா ஒரு கையெழுத்து" என்பார். தாளில் இருப்பது பொய் என்று உங்களுக்குத் தெரியும். போட மனசு வராது. இந்த வழிகாட்டி அந்த நிமிஷத்திலிருந்து தொடங்குகிறது.

உள்விசாரணைகளில் தொழிலாளிக்குத் துணையாக உட்கார்ந்து நான் பார்த்தவரை, மறுத்ததை மட்டும் காரணமாக எழுதி யாரையும் சுலபத்தில் வெளியே அனுப்புவதில்லை. மறுத்த பிறகு அவசரத்தில் அவர் செய்த வேறு ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொள்வார்கள். வாய்தவறி வந்த ஒரு கெட்ட வார்த்தை, சொல்லாமல் போட்ட இரண்டு நாள் லீவு, வாட்ஸாப்பில் சுற்றிய ஒரு வீடியோ. அதனால் துணிச்சலைப் பற்றி இங்கே பேச்சு இல்லை. எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது என்பது மட்டும்தான். வரிசை இதுதான்: வீடு, தாள், அதிகாரி, அரசு அலுவலகம், கடைசியில் தெரு. பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகத் தொடங்குகிறார்கள்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

வேலை நியமனக் கடிதம், கடைசி ஆறு மாதச் சம்பளச் சீட்டு, அடையாள அட்டையின் இரண்டு பக்கப் படம், ஈ.எஸ்.ஐ. எண், பி.எஃப். யு.ஏ.என். எண். இவை எல்லாம் வீட்டில் இருக்க வேண்டும், லாக்கரில் அல்ல. கேட்டில் நிறுத்தினால் லாக்கரைத் திறக்க விடமாட்டார்கள்.

பி.எஃப். கணக்கில் இணைந்திருப்பது உங்கள் சொந்த செல்போன் எண்தானா என்று இன்றே பாருங்கள். கான்ட்ராக்டர் தன் ஆபீஸ் பையனின் எண்ணைப் போட்டுவைத்திருப்பது இந்தப் பக்கம் சாதாரணம். சண்டை வந்தபின் அந்த ஓ.டி.பி. உங்களுக்கு வரவே வராது.

நீங்கள் கான்ட்ராக்ட் ஆளாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். "நாளையிலிருந்து வராதே" என்ற ஒரு வார்த்தையில் உங்கள் கதையை முடிக்கப் பார்ப்பார்கள், இவர் எங்களிடம் வேலையே செய்யவில்லை என்றும் சொல்வார்கள். நுழைவு பாஸ், வங்கியில் சம்பளம் விழுந்த பக்கம், ஈ.எஸ்.ஐ. பங்களிப்புப் பட்டியல், இந்த மூன்றும் அதற்குப் பதில்.

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். பக்க எண் அச்சடித்தது கிடைத்தால் நல்லது. நடுவில் தாள் கிழிக்கப்படவில்லை என்பது பார்த்தாலே தெரியும்.

1. எதை மறுக்கிறீர்கள் என்று ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

"இந்தக் கம்பெனியே சரியில்லை" என்று தொடங்குபவர்தான் முதலில் தடுமாறுவார். அது கோபம். அதற்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. "கழிவுநீர்த் தொட்டிக்குள் ஆள் இறங்கும் பர்மிட்டில், வாயு சோதனை நடக்காமல் நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்பது மறுப்பு. அதற்கு அவர்கள் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

அந்தப் பர்மிட்டையே எடுத்துக்கொள்வோம். கார்பன் வைத்த ஒரு பேட். ஆக்சிஜன், எரியும் வாயு, ஹைட்ரஜன் சல்பைடு என்று மூன்று கட்டங்கள். ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே போனால் உள்ளே இறங்கக் கூடாது. ஹைட்ரஜன் சல்பைடு அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாமல் போகும், அதனால் மோந்து பார்த்து இறங்குவது தற்கொலை. இப்படிப்பட்ட பேட் ஒன்றைப் புரட்டியிருக்கிறேன். திங்கள் முதல் சனி வரை ஆக்சிஜன் 20.9, 20.9, 20.9. ஒரே நீல மை, ஒரே சாய்வு, எல்லா நாளும் காலை 9 மணி. மீட்டர் கேலிபரேஷனுக்கு, அதாவது அளவு சரிபார்ப்புக்கு, வெளியே போயிருந்த வியாழக்கிழமைக்கும் 20.9.

2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 36ஆம் பிரிவில் சொன்னது, தகுதியுள்ளவர் தானே சோதித்துப் பார்த்து எழுத்தில் சான்று தர வேண்டும் என்பது. 'தானே' என்ற அந்த ஒரு சொல்லில்தான் இப்படிப்பட்ட மறுப்பு நின்றது. செப்டிக் டேங்க், சாக்கடை என்றால் 2013ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்குவதையே தடை செய்கிறது.

மற்ற தொழில்களிலும் இதே மாதிரிதான். எடைமேடையில் இருப்பவர் என்றால், பெட்டியை ஏற்றாமலே எடைச் சீட்டு அடிக்கச் சொல்வார்கள். கப்பலில் ஏறும் ஒவ்வொரு கன்டெய்னருக்கும் சரிபார்த்த எடை வேண்டும் என்பது 2016 ஜூலை 1 முதல் உலகம் முழுக்க உள்ள விதி. தப்பான எடையில் அடுக்கினால் கப்பல் நிலை குலையும். கணக்கு எழுதுபவர் என்றால் கான்ட்ராக்ட் ஆட்களின் நாட்களைக் குறைத்து எழுதச் சொல்வார்கள். நர்ஸ் என்றால் பார்க்காத பிரஷரைச் சார்ட்டில் நிரப்பச் சொல்வார்கள்.

உங்கள் மறுப்பு சட்டமோ பாதுகாப்போ சார்ந்ததாக இல்லாமல், மத நம்பிக்கை, சாப்பாடு, வழிபாடு போன்றதாக இருந்தால் பாதை கொஞ்சம் வேறு. தனியார் கம்பெனியில் அரசியலமைப்பின் 25ஆம் பிரிவைக் காட்டி நேராக நிற்பது கடினம், அது பெரும்பாலும் அரசை நோக்கியது. ஆனாலும் 1986இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு ஒன்று படிக்க வேண்டியது. கேரளத்தில் மூன்று பிள்ளைகள் தங்கள் மதநம்பிக்கையால் தேசிய கீதம் பாட மறுத்தார்கள், பள்ளி வெளியேற்றியது, நீதிமன்றம் திரும்பச் சேர்க்கச் சொன்னது. அவர்கள் பாடவில்லையே தவிர, கீதம் ஒலித்தபோது எழுந்து மரியாதையாக நின்றார்கள். வழக்கில் அது அவர்களுக்குப் பெரிய பலம். மறுப்பு ஒரு செயலோடு நின்றுவிட வேண்டும், மற்ற எல்லாம் ஒழுங்காக நடக்க வேண்டும்.

2. வீட்டில் முதலில் சொல்லுங்கள்

ஆபீசில் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து சொல்வது பெரிய தப்பு. நீங்கள் தெருவைத் திரும்புவதற்குள் செய்தி போய்ச் சேர்ந்திருக்கும், அதுவும் வேறு உருவத்தில். "உம் புருஷன் மேனேஜரை அடிக்கப் போனாராமே" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்கும்போதுதான் மனைவிக்குத் தெரிய வருவது என்றால், அந்த ராத்திரியே உங்கள் உறுதி பாதி கரைந்துவிடும்.

பேச வேண்டியது பணத்தைப் பற்றி. மூன்று மாதம் சம்பளம் வராவிட்டால் வாடகை எப்படி, சீட்டுப் பணம் எப்படி, குழுக் கடன் தவணை எந்தத் தேதி, பள்ளிக் கட்டணம் எப்போது. தாளில் எழுதிப் பாருங்கள். நகையை வைக்க வேண்டி வந்தால் எந்த நகை என்பது வரைக்கும் பேசிவிடுவது நல்லது.

மருந்துச் செலவு உள்ள வீடு என்றால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். வேலை போன அன்றே ஈ.எஸ்.ஐ. செத்துவிடாது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டிய பங்களிப்புக்கு அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை பலன் உண்டு. அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியதற்கு ஜூலை முதல் டிசம்பர் வரை. இதைத் தெரியாமல் பயந்துபோய் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவர்கள் உண்டு.

3. நோட்டில் எழுதுங்கள், பைலைத் தூக்காதீர்கள்

தேதி, நேரம், ஷிஃப்ட், யார் சொன்னார், என்ன வார்த்தையில் சொன்னார், பக்கத்தில் யார் இருந்தார். அன்றைக்கே எழுதுங்கள். ஒரு வாரம் கழித்து உட்கார்ந்து எழுதியது ஒரே மூச்சில் எழுதியதுபோல் இருக்கும், குறுக்கு விசாரணையில் அது தெரிந்துவிடும்.

கம்பெனி ரிஜிஸ்டரை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். ஜெராக்ஸ் எடுக்க வெளியே எடுத்துப் போனாலும் திருட்டு என்று எழுதுவார்கள். எந்த ரிஜிஸ்டர், எந்தப் பக்கம், என்ன தேதி, இது போதும். பின்னால் விசாரணையில் "அந்தப் பக்கத்தைக் கொண்டுவாருங்கள்" என்று நீங்கள் கேட்கலாம். அவர்கள் தராவிட்டால் அதுவே உங்களுக்குச் சாதகம்.

செல்போன் விஷயத்தில்தான் இளவயசுப் பையன்கள் மாட்டுகிறார்கள். எரியும் வாயு இருக்கும் பகுதியில் செல்போன் எடுத்துப் போவதே பாதுகாப்பு விதிமீறல். பாதுகாப்பு மீறலைப் படம் பிடிக்கப் போய், அதே மீறலுக்கு நீங்கள் மெமோ வாங்கினால் வழக்கு அங்கேயே சாய்ந்துவிடும். அனுமதி உள்ள இடத்தில் எடுத்த படம், குரல் பதிவு இருந்தால் மூலப் போனை அழிக்காமல் வையுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி அதற்கு ஒரு சான்று இணைக்க வேண்டியிருக்கும். நாலு பேருக்கு ஃபார்வர்டு ஆகி வந்த வீடியோவை வைத்து அந்தச் சான்று தருவது சிரமம்.

4. வாயால் சொல்லுங்கள், அன்றே எழுதிக் கொடுங்கள்

முதலில் தனியாக, குரல் உயர்த்தாமல் சொல்லுங்கள். நாலு பேர் முன்னால் சொன்னால் அவருக்கு மானப் பிரச்சினை ஆகிவிடும், அப்புறம் பர்மிட் பின்னால் போய் நீங்கள்தான் பிரச்சினை ஆவீர்கள். பல இடங்களில் இதோடு முடிந்தும்விடுகிறது. "சரி சரி, மீட்டரைக் கொண்டுவாங்க" என்று விட்டுவிடுவார்கள்.

முடியாவிட்டால் ஷிஃப்ட் முடிவதற்குள் கடிதம். நான் எழுதித் தரும் மாதிரி இது:

*ஐயா, இன்று இரண்டாம் ஷிஃப்ட்டில் கழிவுநீர்த் தொட்டிக்குள் ஆள் இறங்குவதற்கான பர்மிட்டில் கையெழுத்திடச் சொன்னீர்கள். வாயு சோதனை நடக்கவில்லை; ஆனால் பர்மிட்டில் அளவு எழுதப்பட்டுள்ளது. எனவே அந்தப் பர்மிட்டில் மட்டும் என்னால் கையெழுத்திட இயலவில்லை. என் முன்னால் சோதனை செய்து அளவு சரியாக இருந்தால் உடனே கையெழுத்திடுகிறேன். மற்ற எல்லாப் பணிகளையும் வழக்கம்போல் செய்துவருகிறேன்.*

இதில் 'மட்டும்' என்ற சொல் முக்கியம். கீழ்ப்படியாமை என்ற குற்றச்சாட்டு வரும்போது அது உங்களைக் காப்பாற்றும். "சோதனை செய்தால் கையெழுத்திடுகிறேன்" என்ற வாக்கியமும் அப்படியே. முட்டுக்கட்டை போடுகிறார் என்று எழுத முடியாமல் போகும். கடைசி வரியை விட்டுவிட்டால் "வேலை செய்ய மறுத்தார்" என்று மெமோ தயாராகிவிடும்.

ஊழல், அராஜகம், கொலைகாரக் கும்பல் போன்ற சொற்கள் வேண்டாம். மனசு ஆறும், வழக்கு கெடும்.

நகலில் "பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் அன்று இரவே மின்னஞ்சல், மறுநாள் ஸ்பீட் போஸ்ட். ரசீதை நோட்டில் ஒட்டுங்கள். வெயிலில் அந்த ரசீதின் மை மங்கிப்போகும், அதனால் ஒரு படமும் எடுத்துவையுங்கள்.

5. மறுநாளும் வேலைக்குப் போங்கள்

இந்த ஒரு இடத்தில் விழுந்தவர்கள்தான் அதிகம். அவமானமாக இருக்கும். "நாலு நாள் போகட்டும், சூடு தணியட்டும்" என்று வீட்டில் உட்கார்ந்துவிடுவார்கள். பத்தாவது நாள் கடிதம் வரும்: அனுமதியின்றி ஆஜராகவில்லை, வேலையைத் தானாகக் கைவிட்டதாகக் கருதுகிறோம். பர்மிட் எங்கேயோ போய்விட்டது, இப்போது விஷயம் உங்கள் லீவு.

கேட்டில் செக்யூரிட்டி நிறுத்தினால் சண்டை போடாதீர்கள், அவருக்கும் கான்ட்ராக்ட் சம்பளம்தான். அங்கேயே நின்று ஹெச்.ஆருக்கு மின்னஞ்சலோ வாட்ஸாப்போ அனுப்புங்கள்: "காலை ஷிஃப்ட்டுக்கு வந்தேன், கேட்டில் அனுமதிக்கவில்லை, வேலை செய்யத் தயாராக இருக்கிறேன்." நேரம் தானாகப் பதிவாகிவிடும். மறுநாளும் போங்கள், அதே செய்தி. எழுத்தில் உத்தரவு வரும் வரை இதை விடாதீர்கள்.

வேறு யார்டுக்கு மாற்றினால் முதலில் போய்ச் சேருங்கள், அப்புறம் ஆட்சேபணை எழுதுங்கள். சேராமல் ஆட்சேபித்தால் அது தனிக் குற்றம்.

6. அறைக்குள் கூப்பிட்டால் வெறும் தாளைத் தொடாதீர்கள்

ஏ.சி. அறை, டீ, "உன் எதிர்காலத்துக்காகச் சொல்றேன் தம்பி." மேஜை மேல் ராஜினாமாக் கடிதம் டைப் அடித்துத் தயாராக இருக்கும். "நீயா எழுதிக் கொடுத்தா கணக்கு முடிச்சுடலாம், இல்லேன்னா டிஸ்மிஸ், எங்கேயும் வேலை கிடைக்காது" என்பார்கள்.

சொல்ல வேண்டிய பதில் ஒன்றே: "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் சார்." எழுந்து வந்துவிடுங்கள். வலுக்கட்டாயமாக வாங்கிவிட்டால், அன்றைக்கே "கட்டாயத்தின் பேரில் பெறப்பட்டது, திரும்பப் பெறுகிறேன்" என்று மின்னஞ்சல் போக வேண்டும். ஒரு வாரம் கழித்து அனுப்பினால் யோசித்துச் செய்ததாக ஆகிவிடும்.

7. மெமோ, சஸ்பென்ஷன், உள்விசாரணை

மெமோவை வாங்க மறுக்காதீர்கள். மறுத்தால் நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டு, கொடுத்ததாக எழுதுவார்கள். வாங்கி, தேதியும் நேரமும் போட்டுக் கையெழுத்திடுங்கள். அதில் சொன்ன கெடுவுக்குள் பதில் தாருங்கள். கூடுதல் நாள் வேண்டுமானால் கெடு முடிவதற்கு முன்னால் கேளுங்கள்.

பதில் குற்றச்சாட்டுக்கு மட்டும். மூன்று குற்றச்சாட்டு இருந்தால் மூன்று பத்தி. பழைய போனஸ் பிரச்சினை, கேன்டீன் சாம்பார் எல்லாம் இதில் வேண்டாம்.

சஸ்பென்ட் செய்தால் பிழைப்பூதியம் உண்டு. முதல் 90 நாள் சம்பளத்தில் பாதி, விசாரணை உங்களால் தாமதம் ஆகவில்லை என்றால் அதற்குப் பிறகு கூடும். கேட்காமல் இருந்தால் தரமாட்டார்கள். எழுதிக் கேளுங்கள், ஒவ்வொரு மாதமும்.

உள்விசாரணைக்குப் போகாமல் இருப்பதை வீரம் என்று நினைப்பவர்கள் உண்டு. "அவங்க ஆளே நீதிபதி, என்ன நியாயம் கிடைக்கும்?" உண்மைதான், பெரும்பாலும் கிடைக்காது. ஆனால் அந்த அறையில் நடப்பது வெளியே இருக்கும் நீதிமன்றத்துக்கான தயாரிப்பு. நீங்கள் போகவில்லை என்றால் ஒருதலைப்பட்சமாக முடித்து, கம்பெனி சாட்சி சொன்னதை எல்லாம் மறுப்பே இல்லாத உண்மையாக எழுதிக்கொள்வார்கள்.

போனதும் கேட்க வேண்டியவை: துணைக்கு ஒரு சக ஊழியர், விசாரணை தமிழில், ஆவணப் பட்டியலும் நகல்களும், கம்பெனி சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்ய வாய்ப்பு. ஒன்றை மறுத்தால் மறுத்ததை நடவடிக்கைக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். எழுதாவிட்டால் கையெழுத்துப் போடும் இடத்தில் நீங்களே ஒரு வரி எழுதுங்கள்: "பர்மிட் பேடைக் கேட்டேன், தரவில்லை." ஒவ்வொரு பக்கமும் படித்துக் கையெழுத்து. மணி ஏழாகிவிட்டது, நாளைக்குப் படித்துக்கொள்ளலாம் என்றால் விடாதீர்கள்.

குறுக்கு விசாரணையில் கேள்வி சின்னதாக இருக்கட்டும். "வியாழக்கிழமை மீட்டர் எங்கே இருந்தது?" இந்த ஒரு கேள்வி ஒரு மணிநேரப் பிரசங்கத்தைவிட மேல்.

8. வெளியே எந்த வாசல், எப்போது

உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் வரிசை பார்க்க வேண்டாம். பாதுகாப்பு அதிகாரிக்கும் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கும் அதே நேரத்தில் சொல்லுங்கள். ஆள் இறங்கிய பிறகு கடிதம் எழுதி என்ன பயன்?

மற்றபடி உள்ளே இருக்கும் வழிகளை முதலில் முடியுங்கள்: மேலதிகாரி, பாதுகாப்புக் குழு, சங்கம். பங்குச் சந்தையில் பட்டியலிட்ட கம்பெனி என்றால் 2013 கம்பெனிச் சட்டப்படி உள்ளே இருந்து புகார் சொல்ல ஒரு ஏற்பாடு இருக்க வேண்டும், நேராகத் தணிக்கைக் குழுத் தலைவருக்கு எழுதலாம். உள்ளே சொல்லாமல் வெளியே போனார் என்ற பேச்சுக்கு இது அடைப்பு. புகார் கொடுப்பவரைக் காக்க 2014இல் ஒரு சட்டம் வந்ததே என்று சிலர் நம்பிக்கையாகக் கேட்பார்கள். அது பொதுத்துறை ஊழலைப் பற்றியது, நடைமுறைக்கும் கொண்டுவரப்படவில்லை. அதை நம்பி இறங்காதீர்கள்.

வேலைநீக்கம் வரை போய்விட்டால் தொழிலாளர் துறையின் சமரச அதிகாரி. தொழிலாளர் ஆணையர் அலுவலகம் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் இருக்கிறது. சமரசம் முறிந்தால் வழக்கு.

ஒரு எச்சரிக்கை. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. பழைய ஆட்கள் இன்னும் பழைய தொழில் தகராறு சட்டத்தின் பிரிவு எண்களான 2ஏ, 18(1), 12(3) என்று பேசுவார்கள், நானும்தான். மனு எழுதும்போது பழைய எண்ணைப் போடாதீர்கள், வக்கீலிடம் காட்டுங்கள். முக்கியமாகக் காலக்கெடு: வேலைநீக்கத் தகராறுக்கு முன்பு 3 ஆண்டு இருந்தது, இப்போது 2 ஆண்டு. இன்னொன்று, மேற்பார்வை வேலையில் 18,000 ரூபாய்க்கு மேல் சம்பளம் என்றால் தொழிலாளி என்ற வரையறைக்குள் வரமாட்டீர்கள். ஆனால் அட்டையில் 'சூப்பர்வைசர்' என்று அடித்திருப்பதை வைத்து முடிவு செய்வதில்லை, கையால் என்ன வேலை செய்தீர்கள் என்பதைப் பார்ப்பார்கள். அதனால் நோட்டில் உங்கள் அன்றாட வேலையையும் எழுதிவையுங்கள்.

வக்கீலுக்குப் பணம் இல்லை என்று யாரும் நிற்க வேண்டாம். 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி தொழிலாளர்களுக்கும், பெண்களுக்கும், பட்டியல் சாதியினருக்கும் இலவச சட்ட உதவி உண்டு. எண் 15100. பாரிமுனையில் இறங்கினால் உயர் நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம்.

9. தெரு உங்களுக்கு எதிராகத் திரும்பும்போது

மேனேஜரைச் சமாளித்தவர்களும் இங்கேதான் உடைகிறார்கள்.

காரணத்தைப் புரிந்துகொள்ளுங்கள். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பம் பக்கம் கடலடிக் குழாயில் அமோனியா கசிந்தபோது, கண் எரிச்சலோடு குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிய ஜனங்கள் இவர்கள். ஆலை என்றால் என்ன ஆபத்து என்று இவர்களுக்கு நீங்கள் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அதே தெருவில் பத்து வீட்டில் அடுப்பு எரிவதும் ஆலைச் சம்பளத்தில்தான். டீக்கடையில் "இன்னா தம்பி, கம்பெனிய மூட வெச்சுட்டு எங்க எல்லாருக்கும் நீயா சோறு போடப் போற?" என்று கேட்பவருக்கு உங்கள் மேல் பகை கிடையாது, தன் மாசச் சம்பளத்தின் மேல் பயம்.

அவரிடம் சட்டம் பேசாதீர்கள். "கம்பெனியை மூடச் சொல்லலைண்ணே. மீட்டர் வெச்சுப் பார்த்துட்டு ஆளை இறக்கச் சொன்னேன். இறங்கப் போறது உங்க மச்சானா இருந்தா?" இதுவரைதான். டீயைக் குடித்துவிட்டுக் கிளம்புங்கள். அங்கேயே உட்கார்ந்து வாதம் பண்ணினால் சாயங்காலத்துக்குள் அது கைகலப்பு என்று பேர் வாங்கும்.

தெருவில் நாலு பேர் மதிக்கும் ஒருவரைத் தேடிப் போய் நீங்களே சொல்லுங்கள். மீனவக் கிராமம் என்றால் பஞ்சாயத்தார், மற்ற இடத்தில் கோயில் தர்மகர்த்தா, சர்ச் ஃபாதர், ஜமாத் பெரியவர், பழைய சங்கத் தலைவர், யாராவது ஒருவர். கடிதத்தின் நகலை அவர் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். நீங்கள் சொல்வதைவிட அவர் சொல்வது தெருவில் எடுபடும்.

வாட்ஸாப் குழுவில் பதில் போடாதீர்கள். ஸ்கிரீன்ஷாட் மறுநாள் ஹெச்.ஆர். மேஜையில் இருக்கும். மேலதிகாரியின் பெயர் சொல்லி எழுதினால் அவதூறு வழக்கு போடலாம், புதிய குற்றச் சட்டத்தின் 356ஆம் பிரிவில் 2 ஆண்டு வரை சிறை. இதை மிரட்டலுக்காகவே போடுவதும் உண்டு.

யூடியூப் சேனல் ஆள் மைக்கோடு வருவார். அவருக்குத் தேவை உங்கள் அழுகை, உங்களுக்குத் தேவை அந்தத் தொட்டி. வழக்கு எண்ணோ புகார் எண்ணோ கையில் வந்த பிறகு மட்டும் பேசுங்கள், அதுவும் கடிதத்தில் எழுதிய வாக்கியத்தையே. ஒரு வார்த்தை கூட்டிச் சொன்னாலும் முரண்பாடு என்று எதிர்த்தரப்பு தூக்கிக்கொண்டு வரும்.

சாதி, மதம், கட்சி மூன்றில் ஒன்றைக் கொண்டுவந்து உங்கள் மேல் ஒட்டப் பார்ப்பார்கள். உங்களுக்கு ஆதரவாக வருபவர்களும் அதைச் செய்யலாம், அது இன்னும் ஆபத்து. கொடியோடு வருபவரிடம் "கொடி இல்லாமல் வாங்கண்ணே" என்று சொல்லிப் பாருங்கள். வருபவர் எத்தனை பேர் என்று தெரிந்துவிடும்.

பெண் ஊழியர் மறுத்தால் பேச்சு நடத்தையின் பக்கம் திரும்பும். நைட் ஷிஃப்ட், யாரோடு பைக்கில் போனாள் என்று தொடங்கும். வேலையிடத்தில் இருந்து அந்தப் பேச்சு வந்தால் 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் தொந்தரவுத் தடுப்புச் சட்டத்தின் கீழ் உள்புகார்க் குழுவில் தனிப் புகார் கொடுங்கள். பர்மிட் கடிதத்தோடு இதைக் கலக்காதீர்கள். இரண்டையும் ஒரே தாளில் எழுதினால் இரண்டுமே நீர்த்துப்போகும்.

10. கூட வேலை செய்பவர்கள் விலகினால்

விலகுவார்கள். கேன்டீனில் தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேஜைக்குப் போவார்கள். திட்டாதீர்கள், "துரோகி" என்ற சொல் ஒருமுறை வாயிலிருந்து வந்தால் திரும்பாது. மூன்று மாதம் கழித்து விசாரணையில், மீட்டர் அன்று இல்லை என்று சொல்லக்கூடியவர் அவர்களில் ஒருவர்தான்.

ஆதரவு கேட்காதீர்கள். ஒரு சின்னக் காரியம் கேளுங்கள்: "எனக்காகப் பேச வேண்டாம். உன்னைக் கேட்டால் பொய் சொல்லாமல் இரு, போதும்." இதற்குத் தலையாட்டாதவர்கள் குறைவு.

11. சமரசம் பேசும்போது

சில வழக்குகளில் வேலைக்குத் திரும்புவது சாத்தியம். சிலதில் பணம் வாங்கிக்கொண்டு கிளம்புவதே நல்லது. பிள்ளை பத்தாவது படிக்கிறாள், அம்மாவுக்கு டயாலிசிஸ் என்றால் வருடக்கணக்கில் கோர்ட்டுக்கு நடக்கச் சொல்ல நான் யார்? தொகை பேசும்போதே ஒரு நிபந்தனையைச் சேர்த்துப் பேசுங்கள்: இனி வாயு சோதனை இல்லாமல் ஆள் இறங்க மாட்டார்கள் என்று ஒரு சுற்றறிக்கை. பணம் தருவதைவிட இதற்குச் சில கம்பெனிகள் சீக்கிரம் சம்மதிக்கும், செலவில்லாத காரியம்.

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை: "தவறை ஒப்புக்கொள்கிறேன்" என்ற வரி எங்கேயும் இருக்கக் கூடாது. இனி எந்த அரசு அலுவலகத்திலும் உண்மை சொல்ல மாட்டேன் என்று பொருள்படும் வரியும் கூடாது. சம்பள பாக்கி, லீவுப் பணம், பணிக்கொடை, போனஸ் தனித்தனி வரியாக வரட்டும். மொத்தமாக ஒரு தொகை எழுதினால் எது வந்தது எது வரவில்லை என்று பின்னால் தெரியாது. சமரச அதிகாரி முன்னிலையில் கையெழுத்தானால் அதற்கு வலு அதிகம். பி.எஃப்.பில் வேலை விட்ட தேதி ஏற்றப்பட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகு கடைசிக் கையெழுத்து.

அனுபவச் சான்றிதழை அங்கேயே வாங்கிப் படியுங்கள். சேர்ந்த தேதி, விட்ட தேதி, பதவி, "நடத்தை நன்று". தபாலில் அனுப்புகிறோம் என்றால் அது வராது.

புது இடத்தில் இன்டர்வியூவில் ஏன் விட்டீர்கள் என்று கேட்பார்கள். மணலியில் ஒரு ஹெச்.ஆருக்குத் தெரிந்தது மாதவரத்தில் இருப்பவருக்கும் தெரிந்திருக்கும், மறைக்கப் பார்க்காதீர்கள். "சோதனை செய்யாத பர்மிட்டில் கையெழுத்துப் போடவில்லை, பேசி முடித்துக்கொண்டோம்" என்று சொல்லிவிட்டு, சம்பளம் எவ்வளவு, ஷிஃப்ட் எத்தனை மணி, இங்கே பர்மிட்டில் யார் கையெழுத்துப் போடுகிறார்கள் என்று நீங்கள் கேட்க ஆரம்பியுங்கள்.